இணையப் பரப்புரை: சொல் விளக்கம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே ‘டிஜிட்டல் கேம்பெயின்’ என்ற பேச்சு கட்சி அலுவலகங்களில் தொடங்கிவிடுகிறது. இதற்குரிய தமிழ், இணையப் பரப்புரை.

‘கேம்பெயின்’ பிறப்பால் போர்ச்சொல். இலத்தீனில் ‘காம்பஸ்’ என்றால் வெட்டவெளி. அதிலிருந்து கிளைத்து, இத்தாலியமும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், குளிர்காலத்தில் பாசறைக்குள் முடங்கிக் கிடந்த படை பருவம் மாறியதும் வெளியே வந்து நடத்தும் போரைக் குறித்தது. வாக்குக் கேட்பதற்கு அது ஆகிவந்தது பின்னாளில்தான். நாமும் வேட்பாளர் ‘களத்தில் இறங்கினார்’ என்றுதானே எழுதுகிறோம்!

நெடுங்காலம் நம்மிடையே வழங்கிய ‘பிரசாரம்’ வடசொல். பிரச்சாரம் என்றும் எழுதுவர். அதன் வேரான ‘சர்’ நடத்தலையும் உலவுதலையும் குறிக்கும். சஞ்சாரம் என்பதிலும் இருப்பது அதே வேர். நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து வேப்பமூடு வரை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்ந்து சென்றதற்கும், திறந்த ஜீப்பில் வேட்பாளர் கைகூப்பி நின்றதற்கும் இச்சொல் நன்றாகவே பொருந்தியது.

‘பரப்புரை’ அப்படி அன்று. பரப்பு, உரை இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. பரப்பும் உரை என விரியும். சொல்பவர் வீதி வீதியாகச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு இதில் இல்லை. உரை பரவினால் போதும். வடமொழி நீக்கத்துக்காக இதைக் கையாண்டவர்களே இணையத்தை எண்ணியிருக்க மாட்டார்கள் என்றாலும், கைப்பேசிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது என் கருத்து.

குமரி மாவட்டத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். தூத்தூர், குளச்சல் கடற்கரைக் குடும்பங்களில் ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அவருக்கு இங்கே வாக்குச்சாவடிக்கு வர வழியிருக்காது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “மக்கா, இத கொஞ்சம் கேளு” என்ற முன்னுரையோடு அவர் போடும் குரல்பதிவு, மேடைப் பேச்சு எட்டாத அடுக்களை வரை எட்டிவிடும். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலும் நடந்ததால், அந்தக் கொரோனாக் காலத்தில் இரண்டு வாக்குகளுக்கான பரப்புரையும் ஒரே கைப்பேசிக்குள் வந்து குவிந்தது. இத்தகைய பரவலில் வதந்தியும் கலந்து வந்ததால்தான், 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது.

‘இணைய விளம்பரம்’ என்பதை இதற்கு மாற்றுச் சொல்லாக எழுதுவது பிழை. விளம்பரம் காசு கொடுத்து வெளியிடுவது. பரப்புரையில் அது ஒரு கூறு மட்டுமே. இந்த வேறுபாடு தேர்தல் கணக்கிலும் உண்டு. 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, இணைய நிறுவனங்களுக்குச் செலுத்தும் விளம்பரக் கட்டணத்தோடு, பதிவுகளை உருவாக்கும் செலவும், சமூக ஊடகக் கணக்குகளைக் கவனிக்கும் பணியாளர்களின் ஊதியமும் தேர்தல் செலவுக் கணக்கில் காட்டப்பட வேண்டும். வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளின் விவரத்தையும் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒருசேரச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இணையப் பரப்புரை’ என்றும், கட்டணம் செலுத்தியதை மட்டும் சொல்லும்போது ‘இணைய விளம்பரம்’ என்றும் எழுதுவதே முறை.