வெட்டுக்கல்லுக்குள் நீந்தும் மீன்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் ஊர்கள் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு வெட்டுக்கல் பழகியது. மழைநீர் காலங்காலமாகப் பாறையிலிருந்து சிலிக்காவையும் சுண்ணத்தையும் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகிய கல் அது. உள்ளே புழு அரித்தது போலத் துளைகள். அவற்றை அடைத்திருக்கும் களிமண் கரையக் கரைய, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழல்களாகும். அடியிலுள்ள வெளிர் களிமண் தண்ணீரை எளிதில் இறங்கவிடாது. இப்படி நீர் நிறைந்த குழல்கள்தாம் பாதாள மீன்களின் வீடு.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளக் கிணறுகளில், இவை பல இனங்களாகப் பதிவாகியுள்ளன. 1950இல் கோட்டயத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய் ஒரு கெளுத்தி. நான்கு செ.மீ. அளவு, கண்ணும் இல்லை, நிறமியும் இல்லை. அதன் சிவப்பு, தோலூடே தெரியும் ரத்தம்தான். ஆனால் பாதாளத்தில் இருப்பதெல்லாம் குருடு என்று நினைத்துவிடக் கூடாது. 2019இல் மலப்புறத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஈனிக்மாசன்னா கோலம் (Aenigmachanna gollum) என்ற மீன் விராலுக்குத் தூரத்துப் பங்காளி. அதற்குக் கண்ணும் உண்டு, நிறமும் உண்டு. விரால் காற்றைக் குடிக்கும் உறுப்புதான் இல்லை.

கண் எப்படி மறைகிறது? மெக்சிகோவின் குகை மீனில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. கருவில் கண் முளைக்கத்தான் செய்கிறது. லென்ஸ் செல்கள் தாமாக மடிவதால் வளர்ச்சி நின்று, கண் சுருங்கி உள்ளே அமிழ்கிறது. வெளிச்சத்தில் வாழும் மீனின் லென்ஸைக் குகை மீன் கருவில் பொருத்திப் பார்த்தார்கள், கண் வளர்ந்தது!

மோட்டார் ஓடி நீர்மட்டம் சட்டென இறங்கினால், குழல்களிலிருந்து தண்ணீர் கிணற்றுக்குள் பாயும். மீனும் இழுபட்டு வரும். அங்கிருந்து ஃபுட்வால்வ் வழியாக மாடித் தொட்டிக்கும் ஏறிவிடும்.

அடுத்த ஆபத்து பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம்தான் கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும்; 24 கிராம் போதும். கையால் அள்ளி வீசுகிறவர்கள் இதைப்போலப் பல மடங்கு போடுகிறார்கள். குளோரின் செவுளை அரிப்பதால் சரியான அளவுகூட மீனுக்கு நல்லதல்ல. வெள்ளநீர் புகாத கிணறு என்றால் மருந்தைத் தொட்டித் தண்ணீரில் கலப்பதே மேல். கொசுப்புழுவுக்கென்று கப்பி, திலேப்பியா விடுவதும் வேண்டாம்.

கோடையில் கிணறு இறைக்கும்போது கடைசி ஓரடித் தண்ணீரையும் தூரையும் பழைய கொசுவலையில் வடிகட்டுங்கள். சிவந்த நூல் போல நெளிவதைப் புழுவென்று எறிய வேண்டாம். வாயோரம் மீசை இருந்தால் கெளுத்தியாக இருக்கலாம். துடுப்பே தெரியாவிட்டாலும் மீன்தானா என்று பார்க்க வேண்டும். நிலத்தடி விலாங்கு வகைகள் சிலவற்றுக்கு இணைத் துடுப்புகள் கிடையாது. கிடைத்த மீனை வாளியில் அதே கிணற்றுத் தண்ணீரில் விட்டு, மூடி நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் விட்டால் குளோரின் கொன்றுவிடும். அருகில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, தேதி, கிணற்றின் ஆழம், நீர்மட்டம் குறித்து மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். ஊற்று ஊறியதும் வாளியைக் கயிற்றில் நீர்மட்டம் வரை இறக்கிச் சாய்த்து விடுங்கள். மேலிருந்து கொட்டினால் அடிபடும்.