நான்கு வரி கொடுத்தால் படிவம் தயார், ஆனால் அந்த நான்கு வரி?

பெயர் – உரை, கட்டாயம்
கைபேசி – எண், கட்டாயம்
பிறந்த தேதி – தேதி
உறுப்பினர் – புதியவர் / பழையவர்

இப்படி எழுதிக் கொடுத்தால் பிரவுசர், ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் என எதில் திறந்தாலும் ஓடுகிற படிவத்தைத் தானே உருவாக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. இப்போது இந்த நான்கு வரிகூட வேண்டாம், "உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு ஃபார்ம் போட்டுக் கொடு" என்று ஏஐயிடம் சொன்னால் போதும். சரி, நல்லதுதான். ஆனால் மேலே உள்ள நான்கு வரியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது.

இரண்டாவது வரியைப் பாருங்கள். 'எண்' என்று சொன்னதும் கருவி அதைக் கணக்குக்கான எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். நாட்டுக் குறியீட்டுக்கு முன் வரும் கூட்டல் குறி தங்காது. கட்டத்தின் ஓரத்தில் ஒன்று கூட்டவும் குறைக்கவும் இரண்டு குட்டி அம்புகள் வேறு முளைக்கும். ஒருவருடைய கைபேசி எண்ணில் ஒன்றைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? அட்டை எண், அஞ்சல் குறியீடு போன்றவற்றுக்கு எண் வகையைப் பயன்படுத்தாதீர்கள் என்று, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் விதிமுறையே சொல்கிறது. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இரண்டு பேருடைய விடையைக் கூட்டினால் அர்த்தம் வருமா? வராது என்றால் அது உரைதான், இலக்கங்களாலான உரை.

எழுத்தில் விவரித்துப் படிவம் வாங்கும் யோசனை ஏஐயோடு வந்ததல்ல. இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003இல் வெளியிட்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற படிவ மொழி இதைத்தான் செய்தது. அதில் 'ட்ராப்டவுன்' (கீழே விரியும் பட்டியல்) என்று எழுத வேண்டியதில்லை. 'இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு' என்று நோக்கத்தைச் சொன்னால் போதும், அது வட்டப் பொத்தானாக வருவதா பட்டியலாக விரிவதா என்பதைத் திரை பார்த்துக்கொள்ளும். 'இடப்பக்கம், 300 பிக்சல், நீலப் பட்டன்' என்று விவரிக்கிறவர்கள் ஒரே ஒரு திரைக்குத்தான் படிவம் செய்கிறார்கள். ஓகே, கேன்சல் பட்டன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஓகே முதலில் வரும், மேக்கில் அது வலக்கோடியில் நிற்கும். எது ஒப்புதல், எது ரத்து என்று மட்டும் சொன்னால், க்யூட்டி போன்ற, திரைகளை உருவாக்க உதவும் நிரல் நூலகங்கள் அந்தந்தக் கணினியின் வழக்கப்படி தாங்களே அடுக்கிவிடும்.

அப்புறம், நானே சூடுபட்ட இடம் ஒன்று. எங்கள் கருவி, லேபிளில் (கட்டத்தின் அருகே தெரியும் தலைப்பு) இருந்தே சேமிப்புப் பெயரை, அதாவது தகவல் சேரும் அட்டவணைப் பத்தியின் பெயரை, உருவாக்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. படிவம் சில வாரம் நன்றாக ஓடியது. யாரோ ஒருவர் அக்கறையோடு 'கைபேசி' என்பதைக் 'கைப்பேசி' என்று திருத்தினார். ஒரே ஒரு 'ப்'. கருவிக்கு அது புதுக் கட்டம். அன்று முதல் வந்த எண்கள் புதுப் பத்தியில் சேர்ந்தன, பழைய பத்தி அப்படியே நின்றுவிட்டது. பாதிப் பேருக்கு எண்ணே இல்லை என்று அறிக்கை வந்தபோது, தகவலை அழித்தது யார் என்று இரண்டு நாள் தேடினோம். யாரும் அழிக்கவில்லை. களத்தில் தகவல் திரட்டுவோர் பயன்படுத்தும் எக்ஸ்எல்எஸ்ஃபார்மில் (எக்செல் தாளில் படிவத்தை விவரிக்கும் முறை) சேமிப்புப் பெயருக்கு ஒரு பத்தி, லேபிளுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக இருப்பது எதற்கு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஏஐ எழுதித்தரும் படிவங்களில் பெயர்க் கட்டத்தை முதலில் பாருங்கள். ஆங்கில எழுத்து மட்டுமே வரலாம் என்ற விதி பல நேரம் அங்கே ஒளிந்திருக்கும். 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று மாற்றச் சொன்னாலும் முடிந்துவிடாது. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடின் கணக்கில் நம் கொம்பும் சுழியும் புள்ளியும் 'எழுத்து' வகையில் சேராது, 'குறி' வகை. அதையும் சேர்த்து அனுமதிக்காவிட்டால் 'கமல' உள்ளே போகும், 'கமலா' வெளியே நிற்பார். நீள வரம்பிலும் இதே கதை. 'தமிழ்ச்செல்வி' நமக்கு ஏழெழுத்து, குறிகளையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்குப் பதின்மூன்று. வரம்பு 10 என்றால் 'தமிழ்ச்செல' என்று புள்ளிகூட இல்லாமல் அறுந்துவிடும்.

கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பை லேபிளாக வைத்தால், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், என்ன கேட்டார்கள் என்பதே மறந்துபோகும். படிவத்தில் இருக்கும் சரிபார்ப்பை மட்டும் நம்பவும் கூடாது. அதைத் தாண்டி நேரே சர்வருக்கு அனுப்பிவிடலாம் என்பதால் அங்கேயும் அதே சோதனை வேண்டும். கேட்காமலே பாலினம், முகவரி என்று கட்டங்களைச் சேர்த்துவிடும் பழக்கமும் ஏஐக்கு உண்டு. தேவையில்லாததை நீக்கிவிடுங்கள், சேமித்தால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

அந்த நான்கு வரியை இன்று எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். பிறந்த தேதி எதற்கு என்று கேட்டபோது, வயது வரம்புக்காக என்றார்கள். அதனால் தேதி போய்விட்டது.

பெயர் – உரை, கட்டாயம், எந்த மொழியும், லேபிள்: உங்கள் பெயர்
கைபேசி – தொலைபேசி, கட்டாயம், உரையாகச் சேமி, லேபிள்: கைப்பேசி எண்
வயது_நிறைவு – ஆம் / இல்லை, கட்டாயம், லேபிள்: 18 வயது நிரம்பியவரா?
உறுப்பினர் – ஒன்றைத் தேர்ந்தெடு: புதியவர், பழையவர், முன்தேர்வு எதுவும் வேண்டாம்