சிமுலேஷன் என்றால் உருவகமா?

"கன அயனி மோதல்களில் அணுக்கருத் துணுக்குகள் உருவாவதை உருவகப்படுத்துதல்." இந்த மாதிரித் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தங்கம் போன்ற கனமான அணுக்கருக்களை ஒன்றோடொன்று மோதவிடுவது பற்றிய தலைப்பு இது. மோதல் சரி, துணுக்கும் சரி. சிமுலேஷன், அதாவது ஒரு நிகழ்வைக் கணினியில் கணக்குப் போட்டு நடத்திப் பார்ப்பது, அதற்கு வைத்த கடைசிச் சொல்தான் இடறுகிறது.

சிமுலேஷனின் வேர் இலத்தீன் 'சிமிலிஸ்', அதாவது ஒத்தது. 'சிமுலாரே' என்றால் ஒன்றைப் போலச் செய்வது. பாசாங்கு என்றும் பொருள் உண்டு. வேருக்கு இவ்வளவு போதும்.

உருவகம் அணியிலக்கணச் சொல். 'மலர் போன்ற முகம்' உவமை, 'முகமலர்' உருவகம். உவமையில் நடுவே 'போன்ற' நிற்கிறது. உருவகத்தில் அந்த வேறுபாடே போய், முகமே மலராகிவிடுகிறது. தன் கணினிக்குள் ஓடுவதுதான் தங்கத்தின் அணுக்கரு என்று எந்த இயற்பியலாளராவது சொல்வாரா?

இந்த மோதல்களுக்குப் பயன்படும் குவாண்டம் மூலக்கூறு இயங்கியல் என்ற கணினி முறையையே பாருங்கள். ஒவ்வொரு புரோட்டானையும் நியூட்ரானையும் ஓர் அலைப் பொட்டலமாக (சிறு இடத்துக்குள் அடங்கிய அலையாக) வைத்து, இரு கருக்களையும் மோதவிட்டு, சின்னச் சின்ன நேர இடைவெளியில் நகர்வைக் கணக்கிடுவார்கள். முடிவில் கிடைப்பது துகள்களின் இடமும் உந்தமும் மட்டுமே. எது துணுக்கு என்று அதில் எழுதியிருக்காது. சுமார் 4 ஃபெம்டோமீட்டருக்குள் (ஒரு ஃபெம்டோமீட்டர் மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நெருங்கியிருப்பவை ஒரே துணுக்கு என்பது ஒரு வழி. எந்தச் சேர்க்கையில் பிணைப்பு மிக வலுவோ அதை எடுப்பது இன்னொரு வழி. மோதலின் நெரிசல் அடங்குமுன் பார்த்தால், முதல் வழிக்கு ஒரே கட்டியாகத் தெரிவது இரண்டாவதற்குப் பல துணுக்குகளாகத் தெரியும். அப்புறம் இரண்டையும் ஆய்வகக் கருவிகள் பதிந்ததோடு ஒப்பிட வேண்டும். கணினியில் ஓடுவதும் ஆய்வகத்தில் நடப்பதும் வேறு வேறாக இருப்பதால்தான் ஒப்பிடவே முடிகிறது. அந்த வேறுபாட்டை அழிக்கும் சொல்லைக் கொண்டுவந்து இங்கே வைப்பானேன்?

'உருவம் கொடுப்பது என்ற பொருளில்தான் சொல்கிறோம்' என்பார்கள். உருவம் கொடுப்பது படம் வரைவதற்கும் பொருந்தும், சிலை செய்வதற்கும் பொருந்தும். கணக்குப் போட்டு நிகழ்வை நடத்திப் பார்ப்பது அதில் எங்கே இருக்கிறது?

சரி, மாற்றுச் சொல் என்ன? 'பாவனை' அழகான சொல்தான். ஆனால் இலங்கையில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். 'கணினிப் பாவனை' என்றால் அங்கே வேறு எதையோ நினைப்பார்கள். 'போலி' வைத்தால் ஆய்வே மோசடி போல ஒலிக்கும். 'ஒப்புருவாக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. வேரில் உள்ள ஒப்புமையும் அதில் தங்குகிறது, ஆக்குகிற வேலையும் தெரிகிறது. 'துணுக்குகள் பிறப்பதை ஒப்புருவாக்கல்' என்று எழுதினால் 'உருவாவதை உருவக' என்ற திக்கலும் போகும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான், கரு பல துணுக்குகளாகச் சிதறுவதற்கும் யுரேனியம் இரண்டாக உடைவதற்கும் ஒரேயடியாக 'பிளவு' என்று போடுகிறார்கள். அது தனிப் பஞ்சாயத்து.