கேஸ் ஷீட்டில் எழுதியாச்சு, சரி. யாரிடம் சொன்னீர்கள்?

எழுதியது உரியவருக்குப் போய்ச் சேராமல் நோயாளி பாதிக்கப்படுவது, இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

காசிமேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா. மீன் கூடை சுமந்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. விழுங்க முடிகிறதா என்று நான்தான் சோதித்தேன். ஒரு ஸ்பூன் தண்ணீருக்கே குரல் ஈரமாகிக் கரகரத்தது, தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கான அறிகுறி அது. "வாய்வழியாக எதுவும் வேண்டாம், மூக்குக் குழாய் போடவும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன். இரண்டாம் நாள் காய்ச்சல். அப்புறம் நிமோனியா.

ஒவ்வொருவராகக் கேட்டேன். மருந்து அட்டையில் மாத்திரைகள் வாய்வழி என்றே இருந்தன. இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டர் பார்ப்பது அந்த அட்டையைத்தான். அன்று வார்டு முழுக்க அவர் ஒரே ஆள். தண்ணீரோடு மாத்திரை கொடுத்திருக்கிறார். சமையல் பிரிவுக்கும் தகவல் போகவில்லை, காலையில் வழக்கம்போல பால் வந்திருக்கிறது. "அம்மா பசிக்குதுன்னு கையைக் காட்டுச்சு மேடம். பாலும் வந்துச்சு. குடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்று அழுதாள் மகள். எழுதிய நானும்தான் அவளிடம் சொல்லவில்லை.

எழுதிவிட்டால் சொன்ன மாதிரிதான் என்ற இந்த நினைப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். கேஸ் ஷீட்டை மருத்துவர் ரவுண்ட்ஸில் பார்ப்பார், அதுவும் அவருக்கு வேண்டிய பக்கத்தை. பிசியோ தன் குறிப்பை எழுதுவார், என் குறிப்பைப் படிக்க அவருக்கு நேரமில்லை. நானும் அவருடையதைப் படிப்பதில்லை. வார்டு ஆயாம்மா, டிராலி தள்ளுபவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள், இவர்கள் யார் கையிலும் அது வராது. ஆனால் அந்த அம்மாவின் வாய்க்கு அருகே ஒரு நாளில் அதிகம் போவது இவர்களுடைய கைதான். ஐந்து துறை ஆட்கள் ஒரே நோட்டில் எழுதினால் அது குழுவாகிவிடாது. எழுதியவர், எதை நிறுத்த வேண்டுமோ அதைச் செய்யப்போகும் ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். "சரி மேடம்" என்பது பதில் இல்லை. "இன்னிக்கு நைட்டு மாத்திரை வாயில குடுக்கக்கூடாது" என்று அவர் வாயிலிருந்து வந்தால்தான் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். "இருமலே வரலையே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பலருக்கு மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கினாலும் இருமல் வருவதில்லை.

மற்றத் துறையினருக்கும் இதே கதைதான். பக்கவாதம் விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று பிசியோ தலைப்பாடாக அடித்துக்கொள்வார், நோயாளியை டிராலிக்கு மாற்றும்போது அந்தக் கையைத்தான் பிடித்து இழுப்பார்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்துக் குழாயில் விடக்கூடாது என்பது பார்மசிஸ்டுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

இளம் டாக்டர்களே, சிஸ்டர் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். எட்டு மணி நேரம் நோயாளியோடு இருப்பவர் அவர். சிஸ்டர்களே, சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் போன் போடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், இந்த நான்கையும் வரிசையாகச் சொன்னால் ஒரு நிமிடம் போதும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை இது, பிறகுதான் மருத்துவமனைகளுக்கு வந்தது. அப்புறம், டியூட்டி மாறும்போது கட்டிலருகே நின்று பேசுங்கள், மேசையருகே அல்ல. 'வாய்வழி எதுவும் வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, தலைமாட்டில் ஒட்டுங்கள். அதையே ஆங்கிலச் சுருக்கமாக மூன்று எழுத்தில் எழுதி ஒட்டினால் அந்த மகளுக்கு என்ன புரியும்?

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'மென்மையான உணவு' என்று ஒரே வரிதான் இருந்தது. மென்மைதானே என்று வீட்டில் இட்லியை ரசத்தில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். திடமும் தண்ணியும் கலந்த அதுதான் இவருக்கு ரொம்பக் கஷ்டம். இந்த முறை மகளை எதிரே உட்காரவைத்து, இட்லியைக் கெட்டியான தயிரில் மசித்துக் காட்டினேன். அவளை ஒருமுறை ஊட்டச் சொல்லிப் பார்த்தேன். வீடு தேடி வந்து சிகிச்சை தர 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் வீட்டுக்குப் பிசியோ வரக்கூடும். அந்தப் பிசியோவிடம் காட்டுவதற்கு என் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று மகளையே வாசித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது வரியில் தடுமாறினாள். அந்த வரியை மாற்றி எழுதிக் கொடுத்தேன்.