இறையழைத்தல்: அதைத் ‘தேர்வு’ ஆக்க வேண்டாம்

கோடை விடுமுறை நெருங்கும்போது குருக்களை உருவாக்கும் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டுவதற்காகக் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களில் அறிவிப்பு ஒட்டுவார்கள். இறைவன் ஒருவரைத் தம் பணிக்குக் கூப்பிடுவதை ‘இறையழைத்தல்’ என்போம்; ‘இறையழைத்தல் முகாம்’ என்று இருந்த இடத்தில் ‘இறைப்பணித் தேர்வு முகாம்’ என்னும் தொடர் இப்போது தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. அறிவிப்போடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டு போகலாம். மறையுரையிலும் இளையோர் கூட்டங்களிலும் தவக்காலத் தியானங்களிலும் ‘உங்கள் தேர்வு எது?’, ‘இறைத்தேர்வுக்கு உங்களைத் தகுதிப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இந்தச் சொல்லை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘வொக்காத்சியோ’, கூப்பிடுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது, குரல் என்னும் பொருளுடைய ‘வோக்ஸ்’ அதற்கு உறவு. கிரேக்கத்தில் ‘க்ளேசிஸ்’, திருச்சபையைக் குறிக்கும் ‘எக்ளேசியா’வும் அதே கூப்பிடுதல் வினையில் கிளைத்ததே. இரண்டு மொழியிலும் அடியில் இருப்பது ஒருவர் வாய்திறந்து இன்னொருவரைக் கூப்பிடும் செயல். தமிழில் அழை என்பது கூப்பிடுதலையும் பெயரிட்டு விளித்தலையும் ஒருங்கே குறிக்கும். முன்னோர் ‘தேவ அழைத்தல்’ என்றார்கள். தேவ என்பதை இறை என்று மாற்றி, இடையில் யகர உடம்படுமெய் சேர்த்து ‘இறையழைத்தல்’ என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள்தாம். ஒன்றுக்காக மற்றதை விரட்ட வேண்டியதில்லை.

‘தேர்வு’ என்பதன் கதை வேறு. தேர்தல் என்றால் ஆராய்ந்து கொள்ளுதல் என்பது பழம்பொருள், அதில் குறையில்லை. ஆனால் இன்றைக்குத் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ பள்ளிக்குப் போகும் ஒரு பையனிடம் ‘தேர்வு’ என்று சொன்னால் அவன் மனத்தில் எழுவது என்ன? அரையாண்டுத் தேர்வு, பொதுத் தேர்வு, நீட் தேர்வு, அரசுப் பணியாளர் தேர்வாணையம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே மதிப்பெண்ணும், தரவரிசையும், ‘கட் ஆஃப்’ என்னும் கோடும் வந்து நின்றுவிடுகின்றன. இறைவன் வினாத்தாளோடு உட்கார்ந்திருப்பது போன்ற எண்ணத்தை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, பிறகு ‘அஞ்சாதே, ஆண்டவர் உன்னை அன்பு செய்கிறார்’ என்று மறையுரையில் எத்தனை முறை சொன்னாலும் சொல் செய்த வேலையை மறையுரை அழிக்காது. நன்றாகப் படிப்பவன், வழிபாட்டில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாக நின்றவன், வீட்டில் குறையொன்றும் இல்லாதவன் ஆகியோர் மட்டும் பெயர் கொடுப்பார்கள். தன்னைப் பாவி என்று எண்ணுபவனும், குடிகாரத் தகப்பனின் பிள்ளையும், ஒரு பாடத்தில் தவறியவனும், தேர்வுக்கு முன்பே தம்மைத் தாமே தோற்கடித்துக்கொண்டு கோவில் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

புதுச்சொல்லை ஆதரிப்பவர்கள் ஒரு வலுவான சான்றைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக்கூடாது. ‘நீங்கள் என்னைத் தேர்ந்துகொள்ளவில்லை, நான்தான் உங்களைத் தேர்ந்துகொண்டேன்’ என்று யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்கிறாரே என்பார்கள். சொல்கிறார். ஆனால் அங்கே வினைக்கு எழுவாய் இருக்கிறது. ‘நான்தான்’ என்ற அந்த அழுத்தத்தில்தான் அந்த வசனத்தின் உயிர் முழுவதும் இருக்கிறது. அதைப் பெயர்ச்சொல்லாக்கித் ‘தேர்வு’ என்று நிறுத்தினால் யார் தேர்ந்தார், யாரைத் தேர்ந்தார் என்பது மறைந்துபோகிறது. மறைந்துபோன அந்த வெற்றிடத்தில் கேட்பவன் தன்னையே எழுவாயாக வைத்துக்கொள்கிறான். ‘உங்கள் தேர்வு எது?’ என்ற கேள்வி அப்படிப் பிறந்ததுதான். கலைப் பிரிவா அறிவியல் பிரிவா என்று கேட்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. வசனம் மறுத்ததையே வசனத்தின் பெயரால் நிலைநாட்டுகிறது இந்தச் சொல்.

இன்னொரு வாதம், திருச்சபை தகுதியைச் சோதிக்கத்தானே செய்கிறது என்பது. உண்மை, குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் சோதிக்கிறது, சோதிக்கவும் வேண்டும். ஆனால் குருப்பட்டச் சடங்கின் வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முதலில் பட்டம் பெறப்போகிறவர் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். அவர் ‘இதோ இருக்கிறேன்’ என்று எழுந்து முன்னே வருகிறார். அதன் பிறகுதான் மறைமாவட்டத் தலைவரான ஆயர், ‘இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா?’ என்று கேட்கிறார். கேள்வி அவரிடம் கேட்கப்படுவதில்லை. அவரை உருவாக்கிய பொறுப்பாளர் ஒருவர், இறைமக்களிடம் விசாரித்து அறிந்ததன்பேரில் சான்று கூறுகிறார். உரியவர் வாய்மூடி நிற்கிறார். கடைசியில்தான் ‘இவரைத் தேர்ந்துகொள்கிறோம்’ என்கிறார் ஆயர். அழைத்தல் முதலில், சான்று நடுவில், தேர்தல் இறுதியில். நம் அறிவிப்பாளர்களோ கடைசிப் படியைத் தூக்கி வாசற்படியாகப் போட்டுவிட்டார்கள்.

இனி ‘தகுதி’. நற்கருணை வாங்குமுன் நாம் எல்லாரும் சொல்லும் ‘நான் தகுதியற்றவன்’ என்ற மன்றாட்டு, மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் நூற்றுவர் தலைவர் இயேசுவிடம் சொன்ன சொல். அங்கே கிரேக்கத்தில் இருப்பது ‘ஹிக்கனோஸ்’. போதுமானவர், ஆற்றுவதற்கு இயன்றவர் என்பது அதன் பொருள். இலத்தீன் அதை ‘டிக்னுஸ்’ என்று, அதாவது மதிப்புக்குரியவர் என்ற பொருள்படப் பெயர்த்தது. தமிழ் அந்த வழியே வந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ‘திருத்தூதர் என அழைக்கப்படத் தகுதியற்றவன்’ என்று தன்னைச் சொல்லும்போதும் அதே ‘ஹிக்கனோஸ்’தான், அழைத்தலும் தகுதியின்மையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை. இரண்டாம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்திலோ, எங்கள் தகுதி கடவுளிடமிருந்தே வருகிறது, பணியாளராகும் தகுதியை அவரே தந்தார் என்ற கருத்தை அதே சொல்லின் கிளைகளை வைத்து மூன்று முறை திருப்பிச் சொல்கிறார். ஆக, பவுலின் கணக்கில் தகுதி என்பது அழைத்தலோடு கொடுக்கப்படுவது; அழைத்தலுக்கு முன்னால் கட்டும் முன்பணம் அன்று.

தமிழ் மரபுக்கும் இது அயலான எண்ணம் இல்லை. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்று குறள் சொல்கிறது. தகவு முன்னால் அளக்கப்படுவதில்லை, பின்னால் காணப்படுகிறது. (பரிமேலழகர் எச்சம் என்பதற்குப் பெற்ற மக்கள் என்று பொருள் கொண்டார், அது நம் சாமியார்களுக்குப் பொருந்தாது என்பதால், அவர்கள் விட்டுச்செல்லும் பங்குமக்கள் என்று கொள்வதில் தவறில்லை.) பிரான்சு நாட்டில் இலத்தீன் பாடத்தில் தடுமாறி, 1815இல் ஒருவாறு குருப்பட்டம் பெற்ற ஜான் மரிய வியான்னியைத்தான் திருச்சபை 1929இல் பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தது. அவரே ஆர்ஸ் என்ற தம் சிற்றூரை விட்டு, இந்தப் பொறுப்புக்கு நான் ஏற்றவன் அல்ல என்று ஓடிப்போக முயன்றிருக்கிறார்.

தூய தமிழில் ஊன்றியவர்கள் கோபப்பட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பழைய ‘பாத்திரம்’ நன்றாகவே வேலை செய்தது. காவிரிக் கரை ஊர்களில் முதியவர்கள், நாளுக்கு மூன்று வேளை சொல்லும் திரிகாலச் செபத்தை முடிக்கும்போது ‘நாங்கள் பாத்திரவான்களாக’ என்றுதான் இன்றும் வேண்டுகிறார்கள். வடசொல்தான், ஆனால் உரியவன் என்ற பொருளோடு ஏந்தும் கலம் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. கலத்துக்குச் சான்றிதழ் கேட்பார் இல்லை. உள்ளே ஊற்றப்படுவதுதான் பேச்சு. ‘தகுதி’ என்பது நல்ல தமிழ்ச்சொல், அதை நான் கைவிடச் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு விளம்பரங்கள் அதைக் ‘கல்வித் தகுதி, வயது வரம்பு’ என்று தேய்த்துவிட்டன. பக்கத்தில் ‘தேர்வு’ம் வந்து உட்கார்ந்தால் அந்தத் தேய்வு முழுமையாகிவிடும் என்பதே என் கவலை.

விவிலியத்தில் அழைக்கப்பட்டவர்கள் பலரும் ஏறக்குறைய ஒரே சாக்கைச் சொன்னவர்கள். எரேமியா சிறுபிள்ளை என்றார். பேதுரு, நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும் என்றார். மோசே வாய் திக்குபவன் என்றார். ஆண்டவர் அந்த நாவைத் திருத்திக் கொடுக்கவில்லை, ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். தேர்வாக இருந்தால் மூவரும் முதல் சுற்றிலேயே வெளியே. ஆனால் நடவுக்கு ஆள் கூப்பிடும் வழக்கம் அறிந்த ஊர்க்காரருக்கு இது விளங்கும்: விடிகாலையில் வந்தவரையும் கூப்பிடுவார்கள், ஆள் போதாமல் உச்சிவேளையில் தெருமுனையில் நின்றவரையும் கூப்பிடுவார்கள், அங்கே கேட்கப்படுவது ‘வர்றியா?’ என்பது மட்டுமே. திராட்சைத் தோட்டத்துக்கு மாலை ஐந்து மணிக்கும் ஆள் அழைத்து, எல்லாருக்கும் ஒரே கூலி கொடுத்தவரைப் பற்றிய இயேசுவின் உவமையைக் கேட்டு நம் வயல்காட்டு மக்கள் கூலிக் கணக்கைப் பற்றி முகம் சுளித்தாலும், அழைத்ததைப் பற்றி வியப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் ஒரு வழக்கு. ‘அழைத்தலுக்குப் பதிலளித்தல்’ என்று எழுதுகிறார்கள். பதில் கடிதத்துக்கு, வினாவுக்கு. குரலுக்குத் தமிழன் பதிலளிப்பதில்லை. ‘ஏன்’ என்று கேட்கிறான். கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்க ஆளில்லை என்பது நம் வீட்டுப் புலம்பல். சிறுவன் சாமுவேல் செய்தது அதுதான். இறைவன் கூப்பிட்டபோது, கூப்பிட்டது யார் என்றே தெரியாமல் குரு ஏலியிடம் ஓடினான், திரும்பத் திரும்ப ஓடினான். ‘அழைத்தலுக்குச் செவிகொடுத்தல்’ என்றோ ‘அழைத்தலை ஏற்றல்’ என்றோ எழுதினால் போதும்.

அழைத்தலைக் குருத்துவத்துக்கும் துறவுக்கும் மட்டும் உரியதாக்குவதும் சரியன்று. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில், புனிதத்துக்கான அழைத்தல் அனைவருக்கும் உரியது என்பதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், மறை கற்பிக்கும் உபதேசியார்களுக்காக எழுதிய நூலுக்கு ‘வேதியர் ஒழுக்கம்’ என்று பெயர் வைத்தார். ‘வேதியர் தகுதி’ என்று வைக்கவில்லை. பணியில் சேர்ந்தபின் நடக்க வேண்டிய நெறியைப் பேசுவதற்கு அதுவே பொருத்தமான தலைப்பு. நம் ஊரில் ‘சாமியாருக்குப் படிக்கிறான்’, ‘மடத்துக்குப் போயிட்டா’ என்று பேச்சில் சொல்வதும் போய்ச் சேர்ந்தபின் தொடங்கும் ஒரு பயணத்தைத்தான் குறிக்கிறது.

‘அழைப்பு’ என்று சிலர் சுருக்குகிறார்கள். தவறில்லை, மாப்பிள்ளை அழைப்பு என்ற வழக்கில் போய்க் கூட்டிவருதல் என்ற பொருளும் இருக்கிறது. ஆயினும் அழைப்பு என்பது கையில் கொடுத்து முடிந்துபோன ஓலையாகவும் ஆகிவிடும். அழைத்தலில் செயல் நின்றுபோகவில்லை. எனவே என் வாக்கு ‘இறையழைத்தல்’ என்பதற்கே.

ஆனால் அதையும் கெடுக்க வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நல்லாயன் ஞாயிறன்று மன்றாட்டுகளில் ‘இறையழைத்தல்கள் பெருகிட’ என்று வாசிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் பன்மை இருக்கிறது என்பதற்காகத் தமிழ்த் தொழிற்பெயருக்குக் ‘கள்’ ஒட்டத் தேவையில்லை. நடத்தல்கள், உறங்கல்கள் என்று நாம் சொல்வதில்லை. ‘இறையழைத்தல் பெருக’ என்று எழுதலாம். அதைவிட, ‘அழைக்கப்படுவோர் பெருக’ என்று எழுதினால் யாருக்காக வேண்டுகிறோம் என்பதும் தெரியும்.