ஊதா நிழல்னா சோகம்னு யாருங்க சொன்னா?

ஓவிய ரசனை க்ளாஸ் எடுக்கறவங்கற முறையில இதை எழுதியே ஆகணும். இந்த வாரமும் ஒரு அசைன்மென்ட் வந்துச்சு, பிரெஞ்சு ஓவியர் மோனேயோட "தோட்டத்தில் பெண்கள்" பத்தி. வெள்ளை கவுன்னா விதவையாம், ஊதா நிழல்னா துக்கமாம், பூங்கொத்துன்னா நிலையாமையாம். நெட்ல இருக்கற 'எந்தக் கலருக்கு என்ன அர்த்தம்' லிஸ்ட்டைப் பாத்து எழுதினதுன்னு படிச்ச உடனே தெரியுது.

1866 கோடையில பாரிஸ் பக்கத்துல வில் தாவ்ரேல வெளியில நின்னே ஆரம்பிச்ச படம் அது. ரெண்டரை மீட்டர் உசரம், மேல்பகுதி கைக்கு எட்டாது, ஏணில ஏறுனா பார்வைக் கோணம் மாறிடும்னு தோட்டத்துல பள்ளம் வெட்டி கேன்வாஸை உள்ள இறக்கி வரைஞ்சிருக்காரு மனுஷன். வெளிச்சத்துக்காக இவ்ளோ பாடுபட்டவரோட நிழலைப் போய் துக்கம்ங்கறீங்களே!

வெயில் படற எடத்துல சூரிய வெளிச்சம், மஞ்சளா இருக்கும். நிழலுக்குள்ள அது நேரா வராது, நீல வானத்தோட வெளிச்சம்தான் வரும், அதனால நிழல்ல நீலம் ஏறும், பக்கத்துலயே மஞ்சள் இருந்தா நம்ம கண்ணு அதை இன்னும் ஊதாவாக் காட்டும், ஷெவ்ரல்ங்கற கெமிஸ்ட் 1839-லயே புக்கு போட்டுச் சொன்ன விஷயம். நம்பலன்னா வானம் தெளிவா இருக்கற நாள்ல மொட்டை மாடில வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு அதுமேல விழற நிழலைப் பாருங்க. வெள்ளை கவுன் அப்போ அங்க கோடைக்குப் போடற ஃபேஷன் டிரெஸ், அவ்ளோதான்.

அப்போ படத்துல மூடே இல்லையான்னு கேட்டா, இருக்கு, நிறையவே இருக்கு. நாலு பொண்ணுங்க, ஒருத்தி கண்ணு இன்னொருத்தியைப் பாக்கல. குடை புடிச்சு உக்காந்திருக்கறவ முகம் நிழல்ல இருக்கு, மடியில விரிஞ்ச வெள்ளைத் துணிலேர்ந்து எழும்பற வெளிச்சம்தான் அதுல படுது. ஒருத்தி பூங்கொத்துக்குப் பின்னாடி பாதி முகத்தை மறைச்சுக்கறா, வலது பக்கம் ஒருத்தி நம்மளை விட்டுட்டு ரோஜாச் செடிப் பக்கம் போறா. போஸ் குடுத்தது பெரும்பாலும் மோனேயோட காதலி காமீல் ஒருத்திதான். இவ்ளோ வெயில்லயும் அவங்கவங்க தனித்தனியா இருக்கற அந்த அமைதி இருக்கே, அதை எழுதுங்க! 1867-ல சலோன்ங்கற பாரிஸ் ஓவியக் கண்காட்சியோட ஜூரி இதை நிராகரிச்சப்போ சொன்ன குறைல ஒண்ணே, இதுல கதை இல்லைங்கறதுதான்.

இன்னொண்ணு, மோனேயோட கடைசிக்கால ஜப்பானியப் பாலம் படங்கள்ல செவப்பு கொதிக்குதேன்னு உடனே கோபம்னு முடிவு கட்டாதீங்க, 1912-ல அவருக்கு கண்புரைன்னு கண்டுபிடிச்சாங்க, 1923-லதான் ஆபரேஷன், கண்புரை இருந்தா கலரே வேற மாதிரி தெரியும்.

போன்ல பாக்கறதா இருந்தா நைட் மோடை ஆஃப் பண்ணுங்க, அது ஆன்ல இருந்தா கலரே மாறிடும். வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அப்புறம் யாரு யாரைப் பாக்கறாங்கன்னு பாருங்க. அர்த்தம் தேடறதெல்லாம் அதுக்கப்புறம். சோகம்னு தோணுச்சுன்னா தாராளமா எழுதுங்க கண்ணுங்களா, ஆனா படத்துல எந்த எடத்தைப் பாத்து தோணுச்சுன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதிடுங்க, தப்பாவே இருந்தாலும் அதை வச்சு உக்காந்து பேசலாம்.