இருக்கையில் சப்வூஃபர், மூலையில் காது

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தொலைக்காட்சிக்குக் கீழே அவர் வைத்திருக்கும் விலை குறைந்த சவுண்ட்பாரில் வசனங்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் படத்தில் இடி இடித்தாலும் கட்டடம் சரிந்தாலும் சத்தம் சப்பென்று இருக்கிறது. அதனால் தனியாக ஒரு சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஒலிபெருக்கிப் பெட்டியை, வாங்கி இணைத்திருக்கிறார். இப்போது அறையின் கதவோரம் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. அறையின் நடுவில் இருக்கும் சோஃபாவில் வந்து உட்கார்ந்தால் அதில் பாதிகூட இல்லை. சப்வூஃபர் பழுதா, அல்லது இன்னும் பெரியதாக வாங்கியிருக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. இரண்டும் இல்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அது உண்டாக்கும் ஒலியை அறை எப்படிப் பங்கிடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், சவுண்ட்பாரால் ஏன் இதைத் தனியாகச் செய்ய முடியவில்லை என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் நகர்ந்து காற்றைத் தள்ளுகிறது. வெளியே பரவும் ஒலியழுத்தம், கூம்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை நேரடியாகப் பொறுத்ததல்ல. எவ்வளவு முடுக்கத்துடன் காற்றைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. முடுக்கமோ அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே, அதே அழுத்தம் வேண்டும் என்றால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர்ந்தாக வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இதன் கடுமை புரியும். சுவரை ஒட்டி வைத்த ஒலிபெருக்கி ஒன்று, ஒரு மீட்டர் தொலைவில் 40 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 40 அதிர்வுகள்) 90 டெசிபல் தர வேண்டும் என்றால், ஒவ்வொரு திசையிலும் சுமார் 75 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ள வேண்டும். சவுண்ட்பாருக்குள் இருக்கும் 5 சென்டிமீட்டர் ஒலிபெருக்கியின் நகரும் பரப்பு ஏறக்குறைய 12 சதுர சென்டிமீட்டர்தான். அப்படியானால் அந்தக் கூம்பு 6 சென்டிமீட்டர் முன்னே வந்து, அதே அளவு பின்னேயும் போக வேண்டும். அவ்வளவு ஆழம் சவுண்ட்பாருக்கே கிடையாது. நான்கு ஒலிபெருக்கிகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டாலும் ஆளுக்கு 1.5 சென்டிமீட்டர் வருகிறது. அதுவும் நடவாத காரியம். 20 சென்டிமீட்டர் சப்வூஃபரின் பரப்போ 200 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு மூன்றரை மில்லிமீட்டர் அசைவு போதும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணிக்கை இந்தக் கணக்கை எந்த விதத்திலும் மாற்றாது.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும் என்பதால், சிறு கூம்புகள் கிழிந்துபோகாமல் இருக்க, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் சிக்னலைச் சவுண்ட்பாரின் உள்ளே இருக்கும் சில்லு முன்கூட்டியே வெட்டிவிடுகிறது. வெட்டியதை ஈடுசெய்ய அது மூளையை ஏமாற்றவும் பார்க்கும். 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து கேட்டால், இல்லாத 50 ஹெர்ட்ஸின் சுருதியை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். 1840-களில் ஜெர்மன் இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக் துளையிட்ட வட்டைச் சுழற்றிக் காற்றை ஊதி ஆராய்ந்து கவனித்த விளைவு இது. மெட்டு புரிந்துவிடும், ஆனால் ஊகித்த ஒலிக்குச் சோஃபா அதிராது.

இணைக்கும் வழியைப் பொறுத்தவரை, சவுண்ட்பாரின் பின்புறம் 'சப் அவுட்' என்று ஒரு துளை இருந்தால் கவலை இல்லை. சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள எந்தச் சப்வூஃபரையும் அதில் செருகிவிடலாம். விலை குறைந்த சவுண்ட்பார்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கம்பியில்லாச் சப்வூஃபர்களோ பெரும்பாலும் தம்முடன் வந்த சவுண்ட்பாரோடு மட்டுமே பேசும். எஞ்சிய வழி, தொலைக்காட்சியிலிருந்தே சிக்னலைப் பிரிப்பது: சவுண்ட்பாருக்கு எச்.டி.எம்.ஐ. வழியாகவும், சப்வூஃபருக்கு ஹெட்ஃபோன் துளை வழியாகவோ, ஆப்டிகல் துளையில் ஒரு டிஜிட்டல்–அனலாக் மாற்றியைப் பொருத்தியோ அனுப்பலாம். எல்லாத் தொலைக்காட்சிகளும் இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதில்லை என்பதால் வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சங்கடம், சவுண்ட்பாரின் ரிமோட்டில் ஒலியளவைக் குறைத்தால் சப்வூஃபர் அதற்குக் கட்டுப்படாது என்பது. சவுண்ட்பாரைத் திறந்து, உள்ளே ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியிலிருந்து சிக்னலை எடுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அந்தக் கம்பியில் வருவது ஏற்கெனவே பேஸ் (தாழ்ந்த ஒலி) வெட்டப்பட்ட சிக்னல்; சப்வூஃபருக்குத் தேவையானது அதில் இல்லை. ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோகும் அபாயம் மட்டும் தாராளமாக இருக்கிறது.

இனி அறைக்குள் போவோம். அறை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அது அறைக்குள் ஓர் ஒளிக்கற்றையைப் போலப் போய், மோதி, சிதறும். 40 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 8.6 மீட்டர். 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த அலைக்கு முழுதாக நிற்கவே இடமில்லை; சரியாகப் பாதி அலைதான் இரு சுவர்களுக்கும் இடையே அடங்கும். அப்படிப் பொருந்தும்போது, ஒரு சுவரில் மோதித் திரும்பும் அலையும் அதை நோக்கிப் போகும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நகராமல் ஒரே இடத்தில் நின்று அதிரும் நிலையலை ஒன்று உருவாகிறது.

நீள்சதுரத் தொட்டியில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினால் நடப்பது இதே மாதிரியானது. இரு ஓரங்களிலும் தண்ணீர் மாறிமாறி உயர்ந்து தாழும். நடுவில் நீர்மட்டம் அசையாமல் அப்படியே இருக்கும். நீர்மட்டம் என்ற இடத்தில் காற்றழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அதுதான் அறையில் நிகழ்வது. 40 ஹெர்ட்ஸில், அந்த அறையின் முன்சுவரிலும் பின்சுவரிலும் அழுத்தம் கடுமையாக ஏறி இறங்குகிறது. சரிநடுவில் காற்று வேகமாக முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, அழுத்தம் மாறுவதில்லை. செவிப்பறை உணர்வது அழுத்த மாற்றத்தை. ஆகவே கதவோரம் நிற்பவரின் நெஞ்சு அதிர, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுரம் ஏறக்குறைய மறைந்தே போகிறது. பெரிய சப்வூஃபர் வாங்கினால் கதவோரத்து முழக்கம் கூடும். நடுவில் உள்ள பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

அறைக்கு நீளம் மட்டும் இல்லை. 3.4 மீட்டர் அகலம் 50 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் உயரம் 57 ஹெர்ட்ஸிலும் தத்தம் நிலையலைகளை உண்டாக்கும். நீளத்தின் இரண்டாம் நிலையலை 80 ஹெர்ட்ஸில் வரும். அதில் நிலைமை தலைகீழாகி, நடுவில் அழுத்தம் உச்சமும் கால்பங்குத் தொலைவுகளில் பள்ளமும் விழும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒருசேர ஆடும் அலைகள் வேறு. எனவே, ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சுரம் காதை அடைக்கும். அடுத்த சுரம் காணாமற்போகும். தொலைபேசிச் செயலி ஒன்றில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்கி, சப்வூஃபர் வழியாக ஓடவிட்டு, சுவரிலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நடந்து பாருங்கள். ஒலி ஓரடிக்கு ஓரடி தேய்ந்துகொண்டே வரும். ஓரிடத்தில் அலமாரிக் கண்ணாடியின் கிடுகிடுப்பு மட்டும் கேட்கும், அதைக் கிடுகிடுக்க வைக்கும் ஒலி கேட்காது. தலையைச் சற்று முன்னே நீட்டினால் அது திரும்பி வரும்.

கேட்பவரின் இடத்துக்கு உள்ள இதே விதி, ஒலிக்கும் பெட்டியின் இடத்துக்கும் உண்டு. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் பெட்டியை வைத்தால் அந்த நிலையலை முழு வலிமையுடன் கிளம்பும்; பள்ளத்தில் வைத்தால் அது கிளம்பவே கிளம்பாது. அறையின் மூலை மூன்று திசைகளுக்குமே உச்சம் என்பதால், அங்கே வைத்த பெட்டி எல்லா நிலையலைகளையும் ஒரு சேரத் தட்டி எழுப்பும். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் என்பது உண்மை. அந்தச் சத்தம் கரடுமுரடாக இருப்பதும் உண்மை.

அப்படியானால் நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து இடங்களில் அந்தக் கனமான பெட்டியைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் சோஃபாவுக்கு ஓடிவந்து உட்கார்ந்து கேட்கலாம், இடுப்பு ஒடிந்துவிடும். இதற்கு இயற்பியல் தரும் குறுக்குவழிதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியைச் சோஃபாவின் மேல், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பேஸ் சுரங்கள் ஏறி இறங்கும் இசை ஒன்றையோ, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியையோ ஓடவிடுங்கள். பிறகு, பெட்டியை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் காதைத் தரைக்கு அருகே தாழ்த்தி, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே வலிமையுடன் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வையுங்கள். அந்த இடத்திலிருந்து அது ஒலிக்கும்போது, சோஃபாவில் உங்களுக்குக் கேட்பதும் அதே ஒலிதான். ஓசை மிகுந்த இடத்தைத் தேடக் கூடாது. ஏற்றத்தாழ்வு குறைந்த இடத்தைத் தேட வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு இது ஏதோ சடங்கு போலத் தோன்றலாம். இதன் அடியில் இருப்பது, 1860-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலிக்கு நிறுவி, பின்னர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு விரிவாக்கிய எதிர்மாற்றுக் கோட்பாடு. ஓர் இடத்தில் உள்ள சிறு மூலத்தின் ஒலி இன்னோர் இடத்தில் எப்படிக் கேட்குமோ, மூலத்தையும் காதையும் இடம் மாற்றினாலும் அப்படியே கேட்கும். இடையில் எத்தனை மேசைகளும் அலமாரிகளும் இருந்தாலும் சரி, அறை எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. காரணம் எளிது. பெட்டியிலிருந்து காதுக்கு ஒலி வரக்கூடிய பாதைகள் எத்தனையோ: நேராக ஒன்று, இடச்சுவரில் மோதி ஒன்று, கூரையிலும் பின்சுவரிலும் மோதி ஒன்று. அவற்றுள் எதை எடுத்துத் திருப்பிப் போட்டாலும், நீளம் மாறுவதில்லை. மோதல்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு மோதலிலும் இழக்கும் ஆற்றல் மாறுவதில்லை. எல்லாப் பாதைகளும் அப்படியே இருக்கும்போது அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் எப்படி மாறும்? நிலையலைகளின் மொழியில் சொன்னால் இன்னும் அழகு. ஒவ்வொரு நிலையலையும் காதில் எவ்வளவு விழும் என்பது, பெட்டி இருக்கும் இடத்தில் அதன் வலிமையையும் காது இருக்கும் இடத்தில் அதன் வலிமையையும் பெருக்கி வருவது. பெருக்கலில் எது முன், எது பின் என்பதற்குப் பொருளே இல்லை. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஒலியைப் பரப்பும் மூலத்துக்குத்தான் இது இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தும். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் சப்வூஃபர் மிகச் சிறியது என்பதால் அது அப்படித்தான் பரப்புகிறது.

செலவே இல்லாத இந்த வழியை விட்டுவிட்டு, மின்கம்பிக்கு 'திசை' உண்டு என்றும், பெட்டிக்கு அடியில் தனி வகைக் கல்லை வைத்தால் பேஸ் 'இறுகும்' என்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாதகத்தைச் சிரிப்போடு ஒதுக்கும் படித்தவர்கள்கூட இதில் விழுந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வியப்பு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, கேட்பவர்களை மதிப்பிடச் சொன்னார். பெயரும் தோற்றமும் மறைந்தவுடன் மனிதர்களின் தேர்வுகள் பெருமளவுக்கு ஒத்துப்போயின. அந்தத் தேர்வுகள் அளவீடுகளோடும் பொருந்தின. இது பொதுப் பணத்தில், அரசு ஆய்வகத்தில் நடந்த வேலை. ஒலிபெருக்கியை ஆராய அரசு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், விற்பவரிடம் மட்டும் அந்த ஆராய்ச்சியை விட்டிருந்தால் திரை மாட்டும் எண்ணம் அவ்வளவு எளிதில் வந்திருக்காது என்பதே.

பெட்டிக்கு இடம் கிடைத்த பிறகு மூன்று குமிழ்கள் மிஞ்சும். முதலாவது, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பொறுப்பேற்கும் என்பதை முடிவுசெய்வது. 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.3 மீட்டர், நம் காதுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். இரு காதுகளுக்கும் கிட்டும் வேறுபாடு மிகச் சொற்பம் என்பதால், ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறைக்குள் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் சிறிய சவுண்ட்பார் 120 அல்லது 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது என்றால், குமிழை அதுவரை உயர்த்தியாக வேண்டும். அப்போது ஆண்குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குள் போய்விடும், திசையும் தெரிந்துவிடும். அத்தகைய சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் தவழும் எல்லையை முன்சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கட்டம்; அதாவது சவுண்ட்பாரின் அலையும் சப்வூஃபரின் அலையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றனவா என்பது. சவுண்ட்பாரின் சில்லு கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் நேரத்தால் அதன் ஒலி சில மில்லிவினாடிகள் தாமதமாக வெளிவரும். நேரடியாக இணைத்த சப்வூஃபர் முந்திக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸில் ஆறேகால் மில்லிவினாடி தாமதமே அரை அலை. ஒன்று அழுத்தும் நேரத்தில் மற்றது இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்ணில் ஓர் ஒலியை ஓடவிட்டு, கட்டத்துக்கான விசையை 0, 180 என மாற்றிப் பார்த்து, சோஃபாவில் எது உரக்கக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம். தாமதம் பல மில்லிவினாடிகளாக நீண்டால், அந்த ஒரு சுரம் சரியாகுமே தவிர, டிரம்மின் அடி இரண்டாகப் பிளந்து கேட்பதை இந்த விசை தீர்க்காது.

மூன்றாவது, ஒலியளவு. நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் எப்போதும் மந்தம். ஒலி குறையக் குறைய அந்த மந்தம் கூடுகிறது. 1933-இல் ஃபிளெச்சரும் மன்சனும் வரைந்த சம உரப்பு வளைகோடுகளும், அவற்றைத் திருத்தி வந்த பிற்கால வளைகோடுகளும் காட்டுவது இதைத்தான். இன்றைய வளைகோட்டின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் தரும் உரப்பை 50 ஹெர்ட்ஸில் பெற 70 டெசிபலுக்கும் மேல் வேண்டும். எனவே பகலில் உரக்க வைத்துச் சரிசெய்த சப்வூஃபர், மற்றவர்கள் உறங்கிய பின் ஒலியைத் தாழ்த்திப் படம் பார்க்கும்போது இல்லாததுபோல் தோன்றும். அது உங்கள் காதின் இயல்பு. வழக்கமாக எந்த ஒலியளவில் கேட்கிறீர்களோ, அந்த அளவில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடைசிக் குமிழைத் திருப்ப வேண்டும்.